கைக்குட்டை எடுத்து வரவும்

1

மீனாவின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒன்பதாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிகிறது, விடைபெறும் விழாவுக்குப் பெற்றோர் வர வேண்டும். எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், கார் நிறுத்த இடம் இல்லை, உள்ளே போட்டுக்கொள்ளச் செருப்பு கொண்டுவர வேண்டும், கழற்றிய காலணியை வைக்க ஒரு பையும் கொண்டுவர வேண்டும். கடைசி வரியில், கைக்குட்டை எடுத்து வரவும் என்று இருந்தது.

மூக்கு ஒழுகுகிறவர்களுக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மார்ச் மாதத்தில் இங்கே பாதி ஊர் மகரந்தத்துக்குத் தும்மிக்கொண்டிருக்கும். மீனாவிடம் கேட்டால், "அழுவதற்கு" என்றாள். "எல்லாரும் அழுவாங்க அப்பா. பாட்டு அப்படி." அவள் சொன்னது ஜப்பானிய மொழியில். அவள் பேசுவதெல்லாம் அதில்தான். இந்தக் குறிப்பில் அவள் பேச்சை நான் தமிழாக்கித் தருகிறேன், நம் வீட்டுப் பிள்ளை பேசுவது மாதிரி இருக்கட்டும் என்ற சின்ன ஆசைதான்.

தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகள் பாடப்போகும் பாட்டின் பெயர் இருந்தது. அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் சித்திரபுரம், தேயிலை மலையில் பள்ளிவாசல் என்கிற ஊருக்குப் பக்கம். கோயம்புத்தூரில் இஞ்சினியரிங் படித்து, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் குப்பை கொட்டி, அங்கிருந்து ஜப்பானுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. கடலோரத்துச் சின்ன நகரம். இரும்புத் தகட்டை அழுத்திக் கார்ப் பாகம் செய்கிற கம்பெனி. மனைவி மல்லிகா, போடிக்காரி, இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மீனா ஒரே மகள், பதினைந்து வயது. இந்த இரண்டு வருடமாக எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். செத்துப்போன என் அக்காவுக்காக என் மகள் ஒரு தடவையாவது அழ வேண்டும். என்னால் முடியாததை அவள் செய்யட்டும் என்று நினைத்தேன்.

2

இங்கே அழவைக்கும் பாட்டு என்றே ஒரு தனி வகை உண்டு. நாம் சோகப் பாட்டு என்போம், அது பாட்டைப் பற்றிய பேச்சு. இவர்கள் பேசுவது கேட்கிற ஆளைப் பற்றி. கேட்டால் அழுவாய் என்று உத்தரவாதம் கொடுத்துத்தான் பாட்டையே வெளியிடுகிறார்கள். மல்லிகாவோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்துப் பாட்டை வரிசையாக வைத்து, டிஷ்யூ பெட்டியோடு உட்கார்ந்து அழுவாளாம். முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு காய்கறி வாங்கப் போவாளாம். அழுதால் மனசு லேசாகிறது என்கிறாள். இது நம் ஆட்களுக்கும் தெரிந்ததுதான், ஆனால் நமக்கு அதற்கு யாராவது சாக வேண்டும்.

வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. கம்பெனியில் என்னை வரவேற்க ஒரு விருந்து வைத்து, அது முடிந்ததும் கரோக்கே அறைக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் ஐம்பதைத் தாண்டியவர், சிரித்தே யாரும் பார்த்ததில்லை. அவர் மைக்கை வாங்கிப் பாடத் தொடங்கினார். பாதிப் பாட்டில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. குரல் உடையவில்லை, முகம் கோணவில்லை, கண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு அப்போது தெரிந்த ஜப்பானிய மொழி எந்திரத்தின் கையேடு அளவுக்குத்தான். அவர் வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். எங்கள் பக்கம் கேத வீட்டுக்குப் போனால் ஆண்கள் ஆறுதல் எல்லாம் சொல்ல மாட்டோம். துக்கப்படுகிறவர் முன்னால் போய் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவோம், அவர் தொடுவார், அவ்வளவுதான் விசாரிப்பு. நான் எழுந்துபோய்த் தலைவர் முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையில் மைக்கை வைத்துவிட்டார்.

அடுத்த பாட்டை நான் பாட வேண்டியதாகிவிட்டது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

3

அக்கா பெயர் செல்லத்தாய். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலை துவட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தாள். மச்சான் முத்தையா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையாகப் பத்து வீடு உள்ள லயத்தில் நாலாவது வீடு. பெரிய சண்டை, பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லாமல் அந்த இரண்டு அறையிலேயே அவள் வாழ்க்கை முடிந்தது.

கொழுந்து எடை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். மத்தியான எடை முடிந்ததும் அக்கா அங்கே நின்று எனக்கு அடிப்பாள். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "மீனாட்டக் குடு" என்பாள்.

மீனாவைப் பத்து மாதத்திலேயே பகல் காப்பகத்தில் விட்டோம். வீட்டில் தமிழ்தான் பேசுவது என்று நானும் மல்லிகாவும் சபதம் எடுத்தோம். ஆளுக்கொரு ஷிப்டில் வேலை செய்துவிட்டு வந்த வீட்டில் பேச்சே கொஞ்சம்தான், அதில் தமிழ் எங்கே தங்கும்? ஆரம்பப் பள்ளிக்குப் போனபோது நான் தமிழில் கேட்பதும் அவள் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. பிறகு தமிழில் கேட்பதும் புரியாமல் போயிற்று. என் ஜப்பானிய மொழியோ கம்பெனியில் கற்றது, வாடிக்கையாளரிடம் பேசுகிற மொழி. மகளைத் திட்டினால்கூட, தங்களுக்குச் சிரமம் தருவதற்கு வருந்துகிறோம், அறையைச் சுத்தம் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம் என்றுதான் வரும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கிற வயதும் போய், இப்போதெல்லாம் காதில் ஒன்றை மாட்டிக்கொள்கிறாள்.

அக்காவிடம் பேச மட்டும் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தேன். "அத்தை, சாப்பிட்டீங்களா?" மீனா அதைச் சொல்லிவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பக்கம் அக்கா பத்து நிமிடம் பதில் சொல்வாள். என்ன குழம்பு, எந்தக் காட்டில் வேலை, அட்டைக்கடி எப்படி என்று எல்லாம் சொல்வாள். ஒரு எழுத்தும் புரியாமல் மீனா "உம்" கொட்டுவாள். பாறையிலிருந்து இறங்கும்போது அக்கா பக்கத்தில் நிற்கிறவர்களிடம், "எம் மருமவ எம்புட்டுப் பொறுமையாக் கேக்கா தெரியுமா" என்று பீற்றிக்கொள்வாளாம்.

4

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடி மழையில், எடைக்குக் கூடையை இறக்கி வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடிமாலி ஆஸ்பத்திரிக்கு ஜீப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மச்சான்தான் கூப்பிட்டார். "மாப்ள, ஒங்கக்கா போயிட்டா" என்றார்.

என் பாஸ்போர்ட் அப்போது கையில் இல்லை. காலாவதி ஆகும்வரை சோம்பேறித்தனமாக விட்டுவிட்டு, முந்தின வாரம்தான் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது. அவசரம் என்று தூதரகத்துக்குப் போன் செய்தேன், அன்பாகத்தான் பேசினார்கள். இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பஞ்சாயத்தில் அது கிடைக்க நாலு நாளாகும் என்றார் மச்சான், கிடைத்தாலும் மலையாளத்தில் இருக்கும். அக்காவை மறுநாளே எடுத்துவிட்டார்கள். அவள் மகன் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். மழையில் குடைகளும் தலைகளும் தெரிந்தன, தூக்குகிற நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது.

கம்பெனியில் துக்க விடுப்புக்கு ஒரு படிவம் உண்டு. இறந்தவர் உறவு: அக்கா. ஒரே வீட்டில் வசித்தவரா, தனியாகவா: தனியாக. உடன்பிறந்தவருக்கு மூன்று நாள். மூன்று நாளும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தனியாக அழ எனக்கு யாரும் பழக்கவில்லை. எங்கள் லயத்தில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள், அப்படித்தான் அழுது பழக்கம்.

முதல் நாள் சாயங்காலம் மீனா வந்து என் எதிரே நின்றாள். பிறகு தமிழில், "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"சாப்பிடுற நேரமா இது" என்று எரிந்து விழுந்தேன். அவள் அறைக்குள் போய்விட்டாள். அவளிடம் இருந்த தமிழே அவ்வளவுதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை.

5

அடுத்த வருடம் ஆகஸ்டு விடுமுறையில் மூன்று பேரும் போனோம். மீனா அதற்கு முன் ஊரைப் பார்த்தது நாலு வயதில்.

கேதம் பழசானாலும் கேட்காமல் விடக் கூடாது. தூரத்திலிருந்து பிந்தி வருகிறவனுக்காக லயத்துப் பெண்கள் மறுபடியும் கூடி, செத்தது நேற்று மாதிரி அழுவார்கள். வந்தவனும் கூட அழ வேண்டும். அப்போதுதான் அவனுக்கும் அந்தச் சாவு முடிந்ததாகக் கணக்கு. அன்று கொழுந்து எடை முடிந்து, நனைந்த உடுப்போடு இருபது பெண்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஜீப்பை விட்டு நான் இறங்கியதும் பேச்சியம்மாள் எடுத்துக் கொடுத்தாள். அக்காவோடு ஒரே வரிசையில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள்.

"கூடையத்தான் எறக்கி வச்சே, எங்கூடப் பொறக்காத பொறப்பே
கொழுந்தளந்து வாங்கலியே, எங்கூடப் பொறக்காத பொறப்பே..."

வட்டமாக உட்கார்ந்து தோளில் கை போட்டு அழுதார்கள். மல்லிகாவும் போய் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வரவில்லை. பேச்சியம்மாள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது, கண்ணுக்கு மட்டும் ஏறவில்லை. துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்கினேன். ஊரை ஏமாற்றினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுக்கு வெளியே சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தேன். மீனா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மழைச் சட்டையின் தலைமூடியைப் போட்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை, முகம் கோணவில்லை.

"ஏட்டி, அந்தப் பிள்ளையப் பாருங்கட்டி" என்றாள் பேச்சியம்மாள். "பாஷ தெரியாது, மொகம் தெரியாது, எப்பிடி ஊத்துது பாரு. ரத்தம் விடுமா?"

பெண்கள் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த அழுகைதான் நிஜமான அழுகை. மச்சான் சுவரில் சாய்ந்து நின்றவர், மனைவியை எடுத்த அன்றுகூட அழாதவர் என்று சொன்னார்கள், அவர் அப்போது உடைந்துபோனார். என் மகள் என்னுடைய ஆட்களோடு சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். பதினேழு வருடத்தில் என் நெஞ்சு நிறைந்த நாள் அது ஒன்றுதான்.

6

திரும்புகிற அன்று ஜீப் அடிமாலியைத் தாண்டியது. மல்லிகா முன்சீட்டில் தூங்கிவிட்டாள். நான் மீனாவிடம், அத்தைக்காக அழுததற்கு மனமார்ந்த நன்றி தெரிவித்துக்கொள்கிறேன் என்றேன். என் மொழி அப்படித்தானே.

அவள் சிரிக்கவில்லை. "அத்தைக்காக இல்லை அப்பா" என்றாள். "பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டுக்கு எப்போதும் அழுதுவிடுவேன். அவங்க எல்லாரும் வந்து கட்டிக்கிட்டாங்க, என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிச்சிடுங்க."

தலைமூடிக்குள் காதில் மாட்டியிருந்திருக்கிறாள்.

என்ன பாட்டு என்று கேட்டேன். வேறு ஊருக்குப் போய்விட்ட தோழியைப் பற்றியது என்றாள். பள்ளி வாசலில் குடை வைக்கும் தாங்கியில் அவள் தன் குடையை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். யாரும் அதை எடுப்பதில்லை. மழை நாளில் எல்லாக் குடையும் சொட்டிக்கொண்டிருக்கும்போது அது ஒன்று மட்டும் காய்ந்து நிற்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

"ஹருகா ஞாபகம் வந்துவிடும்" என்றாள்.

ஹருகா எனக்குத் தெரியும். மீனாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி, ஐந்தாறு வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து போன பெண். அவளுக்கு என்ன என்று கேட்டேன். அவள் அம்மாவுக்கு மாற்றல் ஆகி வடக்கே போய்விட்டார்களாம்.

"எப்போ?"

"போன மார்ச். உங்களிடம் சொன்னேன் அப்பா. நீங்கள் சரி சரி என்றீர்கள்."

எனக்கு நினைவில்லை. அவள் வேகமாகப் பேசினால் பாதி எனக்குப் பிடிபடாது, தலையை ஆட்டிவைப்பேன். நானும் அவளுக்கு "உம்" கொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

7

ஊரில் அந்த அழுகை பெரிய கதையாகிவிட்டது. சப்பான்காரப் பிள்ளை அத்தைக்கு அழுததை வண்டன்மேட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள்வரை பேசினார்கள். ஞாயிறுதோறும் மச்சான் கூப்பிடுவார், பாப்பா எப்படி இருக்கு என்பதுதான் முதல் கேள்வி. அது பாட்டுக்கு வந்த அழுகை என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்தப் பிப்ரவரியில் அவர் ஒன்று கேட்டார். "மாப்ள, வார ஆடியில ரெண்டாம் வருசத் திதி. அது முடிஞ்சதும் ஆபீஸ்ல வீட்டுச் சாவிய ஏல்ப்பிச்சிட்டுக் காலி பண்ணிரணும். வேலையில ஆள் இல்லாத வீட்ட எத்தன நாளைக்கு வுடுவாங்க? மவன் கஞ்சிக்கோட்டுக்கு வந்துருங்கான். அதுக்கு முன்ன பாப்பா வந்து அந்த வாசல்ல ஒருக்கா நிக்கட்டும். நீ வராட்டியும் சரி, அவள அனுப்பு."

மீனாவிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். பரீட்சை வரும் என்றாள் முதலில். பிறகு உண்மையைச் சொன்னாள். "நான் அழுவேன் என்று அவங்க காத்திருப்பாங்க. என்னால் முடியாது அப்பா. அவங்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது."

அந்த ஞாயிறு மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. பரீட்சை என்று ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருக்கலாம். சிக்னல் போய்விட்டதோ என்று "மச்சான், மச்சான்" என்றேன்.

"இருக்கேன்" என்றார். "அந்தப் பாட்ட அனுப்பு மாப்ள."

அனுப்பினேன். நாலு நாள் கழித்து, வழக்கமில்லாமல் வியாழக்கிழமை கூப்பிட்டார்.

"மூணு தடவ கேட்டேன் மாப்ள. அவ கூடைக்கிட்ட உக்காந்து கேட்டேன். நல்லாத்தான் பாடுது அந்தப் பொண்ணு. எனக்கு ஒண்ணும் வரல."

பாப்பா நல்லாப் படிக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். திதியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிட்டது. நான் அடித்தால் எடுக்கிறார், மழை உண்டா, வெயில் உண்டா என்று முடிந்துவிடுகிறது. பேச்சியம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் அவர் சொல்லிவிட்டாரா, இல்லை தனக்குள் வைத்துக்கொண்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

8

நேற்று விழா நடந்தது. குளிர்ந்த விளையாட்டுக் கூடம், மடக்கு நாற்காலிகள், எல்லாருடைய காலிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த செருப்பு. மல்லிகாவுக்கு ஷிப்டு மாற்ற முடியவில்லை, நான் மட்டும் போனேன். கைக்குட்டை அவள் எடுத்து வைத்தது, இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டை.

ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு எல்லாரும் மேடையில் ஏறி நின்றார்கள். மீனா இரண்டாவது வரிசையில் இடப்பக்க ஓரம். பியானோ தொடங்கியது. நான் அந்தக் குடைப் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். மச்சானால் முடியாவிட்டாலும் என்னால் முடிய வேண்டும், மகளோடு சேர இதைவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

குடை வரும் இடத்தில் பையன்கள்கூடப் பாட முடியாமல் நின்றார்கள். மீனாவின் முகத்தில் அதே கண்ணீர். என்னைச் சுற்றி அப்பாக்கள், அம்மாக்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. நல்ல பாட்டு. கண்ணுக்கு மட்டும் ஏறவில்லை.

மீனா மேடையிலிருந்து என்னைத் தேடுவது தெரிந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டேன். தோளைக் குலுக்கினேன். அன்று லயத்தின் வாசலில் செய்த அதே வேலை. பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் மீனா ஓடிவந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்து ஐந்தாறு வருடம் இருக்கும். கண் வீங்கியிருந்தது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"அப்பா, அழுதீங்கதானே? மேலேயிருந்து பார்த்தேன்."

"ஆமாம்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அதில் எவ்வளவு எனக்குப் பிடிபட்டது என்று சொல்ல முடியாது, தலையை ஆட்டினேன். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது என்று ஹருகாவுக்குச் செய்தி அனுப்பியதை என்னிடம் காட்டினாள்.

இன்று காலை மல்லிகா துவைக்கத் துணி எடுத்தாள். என் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை உருவிக் கையில் வைத்துப் பார்த்தாள். இஸ்திரி மடிப்புக் கலைந்திருந்தது, மற்றபடி காய்ந்தே இருந்தது. மறுபடி மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.